ஒரு முழம் பிச்சி

வடலிக்காட்டுப் பெண்கள் விடிந்ததும் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு ஓடுவது கோயிலுக்கல்ல, மோப்பக்கதவுக்கு. ஊருக்குக் கிழக்கே செம்மணல் தேரியில், கண்ணாடிக் கூரை போட்டு நிற்கிற மருந்துப் பசுங்கூடத்தின் வாசல் அது. ஆளின் முகத்தையும் அடையாள அட்டையையும் அது பார்ப்பதில்லை. வாசனையைத்தான் பார்க்கும். சோப்பு, தைலம், மீன்குழம்பு எதையும் கண்டுகொள்ளாது. முந்தின நாள் கல்யாண வீட்டில் கட்டிப்பிடித்த சொந்தக்காரி தலையில் மல்லிகை இருந்திருந்தால் போதும், கதவு சாத்திக்கொள்ளும், அன்றைய வேலை போச்சு.

ஆவுடைச்செல்வி தினமும் கனகாம்பரம் வைத்துக்கொண்டுதான் போவாள். வாசனையே இல்லாத பூ. வேறு ஊரில் ஏழைக்கு வாய்த்த பூ என்பார்கள், வடலிக்காட்டில் அதுதான் ராணி. கல்யாணப் பெண்ணுக்கும் அதுதான், சாமிக்கும் அதுதான். மல்லிகை, முல்லை, பிச்சி மூன்றையும் தாலுகா எல்லைக்குள் வளர்க்கவோ, விற்கவோ, சூடவோ கூடாது என்று சட்டம் இருந்தது. காவலாளி நம்பிராசன் ஒரு நக்கல் பேர்வழி. முகூர்த்த நாளுக்கு மறுநாள் மட்டும் பசுங்கூடத்தில் பாதிப் பெண்களுக்கு வயிற்றுவலி வந்துவிடுகிறது, கல்யாணச் சாப்பாடு அவ்வளவு மோசமா என்று கேட்பான். பெண்கள் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள்.

உள்ளே ஆவுடைக்குப் புழு மேய்க்கிற வேலை. மேய்ச்சல் என்றால் மேய்ச்சல்தான். விரல் தடிமனில், பச்சை உடம்பும் நீலக் கண்புள்ளியும் வாலில் ஒரு கொம்புமாக இருக்கும் அரளிப்புழுக்களை மெல்லிய தூரிகையால் தட்டிலிருந்து தூக்கி, நித்தியகல்யாணிச் செடிகளின் மேல் விட வேண்டும். அதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் கூரைக் குழாய்களிலிருந்து ஓலமணம் இறங்கும். செடிகள் அதை வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பிறகு வரிசைக்கு ஒரு செடியில் புழு. புழு கடித்து முடித்ததும் மற்ற செடிகளின் இலையில் கசப்புமானியை வைத்துப் பார்த்தால் முள் பச்சையில் நிற்கும். அந்தக் கசப்புதான் மருந்து.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஓர் இலையைப் புழு கடித்தால் அந்தச் செடி காற்றில் ஒரு மணத்தை விடுகிறது. பக்கத்துச் செடி அதை உணர்ந்து, அடுத்தது நம் முறை என்று இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் நஞ்சை ஏற்றிக்கொள்கிறது. புழுவுக்கு அது நஞ்சு, அளவோடு பிரித்தெடுத்தால் நமக்கு மருந்து. அந்த மணத்துக்கு ஆய்வகத்தில் மெத்தில் ஜாஸ்மோனேட் என்று பெயர். பசுங்கூடத்தில் ஓலமணம், பெண்கள் வாயில் வெறும் ஓலம். இயற்கையின் குறும்பைப் பாருங்கள், அதே பொருள்தான் மல்லிகை இனத்துப் பூக்களின் வாசனையிலும் கலந்திருக்கிறது. பிச்சியில் இன்னும் தூக்கல். நாம் கொண்டையில் வைத்து மகிழ்கிற மணம் செடிகளுக்கு ‘ஐயோ’ என்று கேட்கிறது.

முன்பெல்லாம் இவ்வளவு பாடு இல்லை. ஆவுடை பிறப்பதற்கு முன்பு பூச்சிகள் அற்றுப்போயின. கொசு ஒழிந்தது, ஈ ஒழிந்தது என்று ஊரே முதலில் சந்தோஷப்பட்டது. பிறகு பாகற்காய் கசக்காமல் போயிற்று. வேப்பிலையைப் பிள்ளைகள் விளையாட்டாகப் பறித்து மென்றார்கள், எருக்கிலையை ஆடு தின்றது. எதிரி இல்லாத வீட்டுக்குப் பூட்டு எதற்கு என்று செடிகள் ஒவ்வொன்றாகத் தங்கள் கசப்பைக் கைவிட்டன. அதனால் மருத்துவம் நின்றுவிடவில்லை. மாற்றியமைத்த ஈஸ்ட்டை நொதிக்கலன்களில் வளர்த்து, அதே மருந்துகளை ஆலைகள் செய்துகொண்டிருந்தன. ஒரு நச்சுயிரி அந்த ஈஸ்ட்டுக்குள் புகுந்து உலகம் முழுக்கக் கலன்களைப் புளித்த கஞ்சியாக்கிய பிறகுதான் மறுபடியும் செடிகளிடம் கையேந்த வேண்டி வந்தது.

மறந்ததைச் செடிகளுக்கு மறுபடி கற்றுக்கொடுக்கத்தான் பசுங்கூடம். எங்கோ ஓர் ஆய்வகத்தில் மிஞ்சியிருந்த அரளிப்புழுவை அதற்காகவே பெருக்கிக் கொண்டுவந்தார்கள். அரளிக் குடும்பத்துச் செடிகள் நான்கு அறைகளில் இருந்தன. ரத்தக் கொதிப்புக்கு ரெசர்பின் தரும் சர்ப்பகந்தி, இதய மருந்துக்கு அரளி, காய்ச்சலுக்கு ஏழிலைப்பாலை, ரத்தப் புற்றுக்கு வின்கிரிஸ்டின் தரும் நித்தியகல்யாணி. முன்பு சுடுகாட்டில் யாரும் நடாமலேயே பூத்துக் கிடந்த செடி இது, சுடுகாட்டுமல்லி என்று வீட்டுப் பக்கம் அண்ட விடமாட்டார்கள். இப்போது அதற்குக் கண்ணாடி மாளிகை. லாரி லாரியாக இலையை உலர்த்திச் சாறெடுத்தால் கடைசியில் ஒரு சிட்டிகை வின்கிரிஸ்டின் மிஞ்சும். நான்கு அறைக்கும் சட்டம் ஒன்றுதான், சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: ஓலம் பொய்க்கக் கூடாது. ஓலம் கேட்டால் கடி வர வேண்டும். கடி வராமல் வெறும் ஓலமே கேட்டுக்கொண்டிருந்தால் செடி அதைப் பொய்யென்று பழகிவிடும். புலி வருது கதை செடிக்கும் பொருந்தும்.

இவ்வளவையும் ஆவுடை வேலைக்குச் சேர்ந்த வாரமே மனப்பாடம் செய்துவிட்டாள். அப்போது அது சம்பளத்துக்காகப் படித்த பாடம். தேனருவிக்கு உடம்பு முடியாமல் போன பிறகுதான் அந்த மூன்று சொல்லும் அவள் நெஞ்சில் ஏறின.

தேனருவி அவளுடைய ஒரே பிள்ளை, ஆறு வயது. விளையாடி விழுந்த இடத்தில் கன்றிய நீலம் ஆறவே இல்லை. காய்ச்சல் வந்தது, போனது, வந்தது. பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தப் புற்று என்றார்கள். ஆவுடையின் கணவன் லிங்கதுரை கடல் காற்றாலையில் வேலை பார்ப்பவன், மாதத்துக்கு ஒரு தடவை கரைக்கு வருவான். ஆகவே ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் தனியாகத்தான் நின்றாள். டாக்டர் நல்லபடியாகத்தான் பேசினார். குணமாகிற நோய்தான், ஆனால் மருந்தைச் சுற்றுச் சுற்றாகக் கடைசிவரை கொடுக்க வேண்டும், பாதியில் நின்றால் நோய் திரும்பும், அப்படித் திரும்பினால் எதற்கும் கட்டுப்படாது என்றார். என்ன மருந்து என்று கேட்டாள். வின்கிரிஸ்டின் என்றார். தன் கையால் புழு விட்ட இலை தன் பிள்ளை உடம்பில் ஏறப்போகிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையும் வந்தது, ஒரு தைரியமும் வந்தது.

முதல் சுற்றில் பிள்ளைக்கு முடி கொட்டியது. தலையணையெல்லாம் முடி. ஆவுடை ஓரமாகப் போய் அழுததைப் பார்த்த நர்ஸ், “முடி கொட்டுதேன்னு அழாதீங்க. கொட்டுனா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். கொட்டலைன்னாத்தான் நாம பயப்படணும்” என்றாள்.

அந்த நர்ஸ் தலையில் மல்லிகை இருந்தது. வார்டில் எல்லாப் பெண்கள் தலையிலும் ஏதோ ஒரு பூ இருந்தது, பாளையங்கோட்டைக்குத்தான் தடை கிடையாதே. மொட்டைத் தலையோடு படுத்திருந்த தேனருவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து வாசமுள்ள பூவையே அறியாத பிள்ளை. அன்று காய்ச்சல் ஏறி, பிள்ளை வலிப்பு வந்ததுபோல நடுங்கியபோது ஆவுடை தன் ஊர் முப்பிடாதி அம்மனை நினைத்து வாய்விட்டு நேர்ந்துகொண்டாள். என் பிள்ளை தலையில் மறுபடி முடி முளைத்தால் முதல் பூவாக ஒரு முழம் பிச்சி வைத்து உன் வாசலுக்குக் கூட்டி வருகிறேன், தாயே. எந்த ஊர்க்காரி எந்த ஊர் சாமிக்கு எதை நேர்கிறோம் என்ற நினைப்பு அந்த நேரத்தில் யாருக்கு இருக்கும்? காய்ச்சல் இறங்கியது. பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள்.

முதல் சுற்று முடிந்தது. ரத்தம் தெளிந்திருக்கிறது என்று டாக்டர் சிரித்தார். அடுத்த சுற்றுக்கு முன்பு உடம்பு தேற இடைவெளி விட்டார்கள். அந்த இடைவெளியில் தேனருவியின் தலையில் பூனைமயிர் மாதிரி முடி அரும்பியது, பிறகு ஒரு விரற்கடை வளர்ந்தது. அடுத்த சுற்றில் இதுவும் கொட்டிவிடும், கொட்டட்டும் என்று ஆவுடை தடவிப் பார்த்துக்கொண்டாள். பிள்ளை விடவில்லை.

“யம்மா, முடி வந்துட்டு. பிச்சிப்பூ எங்க?”

“நம்ம ஊர்ல அது கூடாது மக்கா.”

“அப்ப சாமிட்ட பொய் சொன்னியா?”

ஆவுடை, ஓலம் பொய்க்கக் கூடாது என்று தினமும் சுவரில் படிக்கிறவள். நேர்ச்சை மட்டும் பொய்க்கலாமா? நேர்ந்ததைச் செய்யாமல் விட்டு, அடுத்த சுற்றில் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால்? இப்படியே நாலு நாள் மனசைப் போட்டு உழப்பிவிட்டு, லிங்கதுரையின் அக்கா பேராச்சியிடம் போய், வெளியூரிலிருந்து யாரிடமாவது கொஞ்சம் பூ வரவழைக்க முடியுமா என்று கேட்டாள். பேராச்சி தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். குளியலறைக்குப் பின்னால், பழைய கொசுவலை மூடிய பந்தலில் ஒரு பிச்சிக்கொடி. நுனி சிவந்த மொட்டுகள் சரம் சரமாக நின்றன.

“மவ கல்யாணத்துக்கு மாப்பிள வீட்டுக்காரங்க மதுரையா, பூவில்லாம எப்படின்னுட்டாங்க. அப்ப வச்சது, புடுங்க மனசு வரல்ல” என்றாள் பேராச்சி. “ஊர்லயே எங்க வீட்ல மட்டுந்தான் நிக்கி. வெளிய மூச்சு விட்ராத ஆவுடை.”

“காத்து கூடத்துப் பக்கம் அடிச்சா என்ன மதினி ஆகும்?”

“ஒரு கொடில என்ன ஆயிரும்? அம்புட்டுத் தூரம் இருக்கு, எடைல பனங்காடு கெடக்கு.”

ஆவுடைக்கும் அந்தக் கணக்கு சரியாகத்தான் பட்டது. பசுங்கூடத்துக் காற்று வடிகட்டி ஒரு முழத்தையெல்லாம் உள்ளே விடாது. அவளுக்குத் தெரியாத வடிகட்டியா? சாயங்காலம் சன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, சிவப்பு ரிப்பனில் பூவைக் கட்டி, அந்த ஒரு விரற்கடை முடியில் நிற்காதென்று பிள்ளையின் தலையைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். தேனருவி மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். மூக்கை மேலே தூக்கினால் தலைப் பூ வாசம் கூடுதலாக வரும் என்று கண்டுபிடித்துக்கொண்டு கோழிக்குஞ்சு தண்ணீர் குடிப்பது மாதிரி அண்ணாந்து அண்ணாந்து நடந்தாள். முக்காட்டைப் போட்டு முப்பிடாதி கோயிலுக்குக் கூட்டிப்போய், கும்பிட்டுவிட்டு, வந்ததும் பூவை அடுப்பில் போட்டு எரித்தாள் ஆவுடை. மறுநாள் வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டுத் தலைக்கு அரப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தாள். அடுத்த நாள் மோப்பக்கதவு அவளை ஒன்றும் சொல்லவில்லை. நம்பிராசன் மட்டும் வயிற்றுவலி தேவலையா என்று கேட்டான்.

கசப்புமானி முள் பச்சையிலேயே நின்றது. அவள் அம்மனுக்கு நன்றி சொன்னாள்.

ஆனி பிறந்து மேல்காற்று கிளம்பியது. தேரிமணலை வாரி இறைக்கிற காற்று அது. மேற்கேயிருந்து ஊர் வழியாகத்தான் பசுங்கூடத்துக்கு வரும். காற்று தொடங்கிக் கொஞ்ச நாளில் முள் பச்சையிலிருந்து நழுவியது. முதலில் மானியில் கோளாறு என்றார்கள். மாற்றினார்கள். பிறகு புழுவில் கோளாறு என்று ஆவுடையின் தட்டுகளைச் சோதித்தார்கள். புழுக்கள் முன்னெப்போதையும்விடக் கொழுகொழுவென்று இருந்தன. கசக்கிற இலையைத் தின்றால் புழு திணறும், பாதியில் விட்டுவிட்டு அடுத்த செடிக்கு ஓடும். இவை ஒரே செடியில் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

பசுங்கூடத்தின் தலைமை விஞ்ஞானி ஜெசிந்தா. உவரிக் கரையில் பிறந்து வெளிநாடு போய்ப் படித்துவிட்டுத் திரும்பியவர். அதட்டிப் பேசத் தெரியாதவர். தண்ணீர், ஒளி, உரம் எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின் கடைசியாக மோப்ப வண்டியை ஊருக்குள் அனுப்பினார். மணத்தைக் கண்டால் மணியடிக்கிற சிறு வண்டி. அது முதல் தெருவுக்குள் நுழைந்ததும் அடிக்க ஆரம்பித்த மணி நிற்கவே இல்லை. இயந்திரம் பழுது என்று ஓட்டுநர் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். வேறு வண்டி போனது. அதுவும் அப்படியே அடித்தது.

அப்புறம்தான் ஊரின் கொல்லைகளெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன. ஒரு வீட்டில் சீமந்தத்துக்கென்று வைத்த கொடி, இன்னொரு வீட்டில் பெரிய மனுஷியான பெண்ணுக்கு. செத்துப்போன மனைவியின் படத்துக்கு வைக்க ஒருவர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் வளர்த்திருந்தார். பஞ்சாயத்துத் தலைவர் வீட்டில் இரண்டு, நம்பிராசன் வீட்டில் ஒன்று. முப்பிடாதி கோயில் மடப்பள்ளிக்குப் பின்னாலேயே ஒன்று நின்றது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஊரில் எங்கள் வீட்டில் மட்டும்தான் என்று சத்தியமாக நம்பியிருந்தார்கள். எல்லாரும் சன்னலைச் சாத்திக்கொண்டுதான் சூடியிருந்தார்கள். ஒருவரை ஒருவர் திட்ட வாயெடுத்து, முடியாமல், தலையைக் குனிந்துகொண்டு கொடிகளைப் பிடுங்கிக் குழியில் போட்டு மூடினார்கள்.

கொடிகள் போயும் முள் ஏறவில்லை. சிவப்புக்கு இறங்கியது. ஆஸ்பத்திரியில் அடுத்த சுற்றுக்குக் கொடுத்திருந்த நாள் நெருங்கியது. ஆவுடை ஜெசிந்தாவின் அறைக்குப் போய் நின்றாள். உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை.

“செடிக்குக் காது செத்துப்போச்சு ஆவுடை,” என்றார் ஜெசிந்தா. “தெனமும் சாயங்காலம் ஓலம் கேட்ருக்கு, கடி வரல்ல. காத்து அடிச்ச நாளெல்லாம் வடிகட்டியையும் மீறிக் கேட்ருக்கு. பொய்யின்னு முடிவு பண்ணிட்டு. நாம இப்ப எம்புட்டு ஓலம் விட்டாலும் அது அசையாது.”

“புழுதான் நெசமா கடிக்குல்லா, மேடம்?”

கடிபட்ட இலை மட்டும் துளி கசக்கும், அதை வைத்து ஒரு ஊசிக்குக்கூடத் தேறாது, முழுச் செடியும் கசக்க ஓலத்தை நம்ப வேண்டும் என்று ஜெசிந்தா விளக்கினார். வேறு பசுங்கூடங்கள் இருக்கின்றனவே என்று ஆவுடை கேட்டாள். அங்கேயும் இதே கதைதான் வந்துகொண்டிருந்தது, அங்கேயும் பக்கத்தில் ஊர் இருக்கிறதே. இந்தச் செடிகளின் விதை? அதுவும் தாயின் மறதியோடுதான் முளைக்கிறது. காட்டு விதை கொண்டுவந்து முதலிலிருந்து பழக்கலாம், இரண்டு மூன்று வருஷம் ஆகும். இருக்கிற மருந்தை, ஏற்கெனவே சுற்றின் நடுவில் இருக்கும் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கியாயிற்று. இடைவெளியில் இருக்கிறவர்கள் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கதவாக ஆவுடை தட்டினாள், ஒவ்வொன்றும் சாத்தியே இருந்தது.

கடைசியில் அவள் சொல்லிவிட்டாள். “நானும் வச்சேன் மேடம். எம்புள்ளைக்கு ஒரு முழம். நேர்ந்திருந்தேன். எல்லாந் தெரிஞ்சே வச்சேன்.”

ஜெசிந்தா கோபப்படுவார் என்று ஆவுடை காத்திருந்தாள், கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

“எங்க அம்மா ரெண்டு வருசமா எந்திரிக்கல,” என்றார் ஜெசிந்தா. “ஆளு அடையாளம் தெரியல்ல, வாசன மட்டும் தெரியுது. வாரத்துக்கு ஒருக்க தலமாட்டுல ஒரு முழம் வைப்பேன். ஒன் ஒரு முழத்தால ஆகல ஆவுடை. யாரோட ஒரு முழத்தாலயும் ஆகல. அப்படி யாராவது ஒருத்தர் செஞ்சதுன்னா அவுங்களப் புடிச்சு ஒலுப்பியாவது மனசு ஆறிருக்கும்.”

ஆவுடை நித்தியகல்யாணி அறைக்குப் போனாள். ஊதாவும் வெள்ளையுமாகச் செடிகள் அமோகமாகப் பூத்திருந்தன. பயமில்லாத செடி நன்றாகத்தான் பூக்கும். ஓலக்குழாயைத் திறந்தாள். வாசம் இறங்கியது, பிள்ளையின் தலையில் அன்று வந்த அதே வாசம். தட்டிலிருந்த புழுக்களையெல்லாம் கவிழ்த்துக் கொட்டினாள். காத்திருந்தாள். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். கீரை மாதிரி இருந்தது, கொஞ்சம் இனிக்கக்கூடச் செய்தது. துப்பிவிட்டு, எதிரே இருந்த செடியைத் தண்டோடு பிடித்து உலுக்கினாள். “பொய் இல்ல, நெசமாத்தான் சொல்லுதேன், கேளு” என்று கத்தினாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து, செத்த வீட்டில் அழுகிற மாதிரி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு அந்தக் கூடத்தில் எழுந்த ஓலம் நிஜமானது. செடிகள் அசையாமல் பூத்து நின்றன, புழுக்கள் தின்றுகொண்டிருந்தன.

ஆஸ்பத்திரிக்குப் போனாள். இருக்கிற வேறு மருந்துகளைக் கொடுத்துப் பார்க்கிறோம், மருந்து வந்ததும் முதலில் கூப்பிடுகிறோம் என்று டாக்டர் சொன்னார். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. லிங்கதுரை கடலிலிருந்து வந்து, எந்த ஊரில் யாரிடம் மருந்து இருக்கிறது என்று வடக்கே வரை அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். எல்லா ஊரிலும் வாசலில் தகப்பன்கள் நிற்கிறார்கள் என்றான்.

கார்த்திகையில் அரசு தடையை எடுத்துவிட்டது. செடிகளுக்குத்தான் கேட்பதில்லையே, இனிமேல் யார் என்ன சூடினால் என்ன? மோப்பக்கதவைக் கழற்றி ஒரு மூலையில் சாத்தி வைத்தார்கள். தோவாளையிலிருந்து பூக்காரர்கள் கூடை கூடையாக இறக்கினார்கள். சாயங்காலமானால் வடலிக்காடே மணத்தது. அத்தனை வருஷ ஆசையைத் தீர்த்துக்கொள்கிறவர்கள்போலப் பெண்கள் தலை நிறையச் சூடினார்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரை கிடைக்காமல் பேராச்சிக்குப் பாதி உடம்பு விழுந்துவிட்டது. அவள் தலையிலும் மருமகள் தினமும் ஒரு துண்டுப் பூவை வைத்துவிட்டுப் போவாள்.

தேனருவிக்கு முடி பிடரி வரை வந்துவிட்டது. கருகருவென்று சுருட்டை முடி, முன்பு இருந்ததைவிட அடர்த்தி. பார்க்கிற பெண்களெல்லாம் அப்படியே அள்ளிப் பார்த்தார்கள். பிள்ளை தேறிவிட்டாள், எப்படி இருந்த தலை எப்படி ஆகிவிட்டது பார், கண்ணு பட்டுவிடும், சுற்றிப் போடு என்றார்கள். ஆவுடை சரி சரி என்று தலையாட்டினாள். அந்த நர்ஸ் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பிள்ளையின் தலையணையைத்தான் பார்ப்பாள். ஒரு முடியாவது உதிர்ந்து கிடக்காதா என்று தடவுவாள். தலையணை சுத்தமாக இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளையை முன்னால் உட்கார வைத்துத் தலை பின்னினாள். பூக்காரரிடம் வாங்கிய பிச்சி மடியில் இருந்தது. சீப்பை இழுத்தபோது கழுத்துக்குப் பின்னால், முடிக்குக் கீழே, காசு அகலத்துக்கு ஒரு நீலம் தெரிந்தது. பிள்ளை எங்கும் விழவில்லை, யாரும் அடிக்கவுமில்லை. ஆவுடை சீப்பைக் கீழே வைத்தாள். பிறகு முடியை அதன் மேல் இறக்கிவிட்டாள்.

“யம்மா, முடி நல்லா வளந்துட்டுல்லா?”

“வளந்துட்டு மக்கா.”

“அப்ப எனக்கு எல்லாம் சரியாயிட்டுன்னுதான அர்த்தம்?”

ஆவுடை முழங்கையில் பூவை அளந்து ஒரு முழம் கிள்ளினாள். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, மிச்சத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

“ஆட்டாம இரு தங்கம்,” என்றாள். “பின்னல் கோணிரும்.”